நொய்கெபாவரும் புதுச்சேரிச் சோழிக் கணக்கும்: எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாபிலோனியக் களிமண் பலகைகளில் புதைந்து கிடந்த கணிதத்தையும் வானியலையும் படித்து உலகுக்குச் சொன்ன அறிவியல் வரலாற்றாசிரியர் ஓட்டோ நொய்கெபாவர். 1952-ல் ‘ஒசைரிஸ்’ ஆய்விதழில் தமிழ் வானியலைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் வருகிறார். நம்மூர்ப் பெருமை கலந்த விஷயம் என்பதால் இதை எழுத உட்காரும்போது கை கொஞ்சம் வேகமாகப் போய்விடும். அங்கேதான் சறுக்கல்.

முதலில், வெவ்வேறு காலத்து மனிதர்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரி வந்து, 1769 ஜூனில் மேகம் மறைத்ததால் ஏமாந்து போனவர் லெ ழான்தி என்ற பிரெஞ்சு வானியலாளர். தமிழர்களின் கிரகணக் கணக்கை இங்கே கற்றுக்கொண்டு எழுதியவரும் அவர்தான். ஜான் வாரன் அரை நூற்றாண்டு கழித்து வருகிறார். ஆங்கிலேயப் படை அதிகாரி, சென்னை வானாய்வகத்தைச் சில ஆண்டுகள் கவனித்தவர். புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை, 1825-ல் சென்னையில் வெளியான ‘கால சங்கலித’ நூலில் பதிவு செய்தவர் வாரனே. நொய்கெபாவர் பிறந்தது 1899-ல். சோழிக் கணக்கை அவர் அறிந்தது வாரனின் நூல் வழியாக. அந்தப் பஞ்சாங்கக்காரரின் பெயரும் வாரனின் ஆங்கில எழுத்துக்கூட்டலில்தான் கிடைக்கிறது. அதைக் கொண்டு அவருக்கு ஒரு தெருவையும் வம்சத்தையும் கற்பித்து எழுதுவது அநியாயம்.

வாழ்க்கைக் குறிப்பிலும் ஒரு பிசகு நேரும். ஹிட்லர் காலத்தில் ஜெர்மனியை விட்டுப் போனவர் என்றதும் யூதர் என்று எழுதிவிடுவார்கள். அவர் யூதர் அல்லர். 1933-ல் இயக்குநர் கூரந்த் நீக்கப்பட்டபின் ஜெர்மனியின் கோட்டிங்கன் கணித நிலையப் பொறுப்பு இவரிடம் வந்தது. நாஜி அரசுக்கான விசுவாச உறுதிமொழியில் கையெழுத்திட மறுத்ததால் அது ஒரே நாளில் கைவிட்டுப் போனது. அடுத்த ஆண்டு கோபன்ஹேகன். தாமே தொடங்கி நடத்திய ‘சென்ட்ரல்பிளாட்’ கணித விமர்சன இதழின் குழுவிலிருந்து இத்தாலிய யூதக் கணிதர் லெவி-சிவிட்டா நீக்கப்பட்டதும், 1938-ல் அதிலிருந்தும் விலகினார். மறுவருடம் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகம். தமக்கு ஆபத்து என்பதற்காக அல்ல, மனசாட்சிக்காக அவர் இழந்தவை இவை. அவரைப் பற்றிய எந்தக் குறிப்பிலும் இது விடுபடக் கூடாது என்பது என் எண்ணம்.

அடுத்தது துல்லியம் பற்றிய மிகை. 1765 ஆகஸ்ட் 30 கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழர் கணக்கு 41 விநாடிதான் பிசகியது என்று லெ ழான்தி குறித்தார். மேற்கோள் காட்டுவோருக்குப் பிடித்த எண் இது. ஆனால் வாரனுக்குக் கணித்துக் காட்டிய 1825 மே 31 இரவுக் கிரகணத்தில் தொடக்கம் 4 நிமிடமும், நடுப்பகுதி 23 நிமிடமும், முடிவு 52 நிமிடமும் விலகின. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 52 நிமிடத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவதும் தவறு. காகிதமும் பேனாவும் இல்லாமல், சோழியும் நினைவுமாக இத்தனை நெருக்கத்தில் வந்ததே பெரிது. நொய்கெபாவர் கவனித்ததோ வேறொன்றை: இந்த முறைக்கு எத்தனை வயது?

அதை உணர, அந்தப் பஞ்சாங்கக்காரர் பின்பற்றிய வாக்கியக் கணக்கை, அதாவது எண்களை வாக்கியங்களாக்கி மனப்பாடம் செய்து கணிக்கும் முறையை, கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். சந்திரன் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. அதன் வேகம் ஏறி இறங்கிப் பழைய நிலைக்குத் திரும்ப ஏறக்குறைய 27.55 நாள் ஆகும். இப்படி ஒன்பது சுற்று சேர்ந்தால் கிட்டத்தட்டச் சரியாக 248 நாள். நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண். முதல் வாக்கியம் ‘கீர்ந ச்ரேய’. அதில் கிடைக்கும் 3, 0, 2, 1 என்ற எண்களைப் பின்னிருந்து படித்தால் 12 பாகை 3 கலை (கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு), அதாவது முதல் நாள் சந்திரன் நகரும் தூரம். இதே 248 நாள் சுழற்சி ஆறாம் நூற்றாண்டு இந்திய வானியலாளர் வராகமிகிரரிடமும், எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பாப்பிரஸ் சுவடிகளிலும், பாபிலோனியப் பலகைகளிலும் உண்டு. புதுச்சேரித் தரையில் பரப்பிய சோழிகளில் அந்தப் பழைய எண்கணித மரபு 1825 வரை உயிரோடு இருந்தது என்பதே நொய்கெபாவரின் வாதம்.

இதை “எல்லாம் கடன் வாங்கியது” என்று சுருக்குகிறவர்கள் உண்டு. “எல்லாம் நம்முடையது, மறைத்துவிட்டார்கள்” என்று கொதிப்பவர்களும் உண்டு. இரண்டுமே அவர் சொல்லாதவை. ஒரு சுழற்சி எண் எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி. அதை எழுத்தாக்கி, வாக்கியமாக்கி, தலைமுறை தலைமுறையாக மனப்பாடத்தில் காத்து, தரையில் உட்கார்ந்து கணிக்கும் அளவுக்குப் பழக்கியது யார் என்பது வேறு கேள்வி. அந்த இரண்டாவது வேலை இங்கே நடந்தது. அந்தப் பஞ்சாங்கக்காரருக்குக் கோட்பாடு தெரியாது என்ற வாரனின் குறிப்பைப் பிடித்துக்கொண்டு அவரை எந்திரம் போல வர்ணிப்பதும் வேண்டாம். இடையில் ஒரு சோழி தவறினால் கணக்கே போய்விடும். அந்தக் கவனத்துக்கும் பயிற்சிக்கும் அறிவு என்றே பெயர்.

கடைசியாக ஒன்று: 1952-லேயே நின்றுவிடாதீர்கள். வாக்கிய முறையின் மூலநூலான ‘வாக்கியகரணம்’, குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும் பதிப்பித்து, 1962-ல்தான் சென்னைக் குப்புசாமி சாஸ்திரி ஆய்வு நிறுவன வெளியீடாக வந்தது. நொய்கெபாவர் கட்டுரை எழுதியபோது அந்தப் பதிப்பு இல்லை. கட்டுரையையும் பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்து, எது நிற்கிறது, எது திருத்தம் கேட்கிறது என்று குறித்துக்கொண்டு எழுதத் தொடங்குங்கள்.