பயோசார்: கரி சுட்டவர்கள் மண்ணில் சறுக்கும் இடங்கள்

மண்ணில் சேர்ப்பதற்காகச் சுடும் கரிதான் பயோசார். சீமைக்கருவேலம் சும்மா கிடக்கிறது, சுட்டு மண்ணில் போட்டால் கார்பனும் சேரும் விளைச்சலும் கூடும் என்ற நம்பிக்கையோடு வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். நம்பிக்கையில் தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு புதுக் கூட்டமும் அதே குழிகளில்தான் விழுகிறது. தீ சுடும், கரிப்பொடி கண்ணில் விழும் என்பதையெல்லாம் விட்டுவிடலாம். காசும் ஒரு போகமும் போகிற தவறுகள்தான் இங்கே முக்கியம்.

ஈர விறகு

வெட்டி ஒரு வாரம் வெயிலில் கிடந்த கருவேல விறகு காய்ந்த விறகு இல்லை. ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தீயின் சூட்டில் ஒரு பகுதி தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். புகை கிளம்பும், உள்ளே தார் படியும். இரண்டு குச்சிகளை ஒன்றோடொன்று தட்டினால் மந்தமாக இல்லாமல் கணீரென்று ஒலிக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டை எடை போட்டு, மூன்று நாள் வெயிலில் வைத்து மறுபடி எடை போடுங்கள். எடை இன்னும் இறங்கிக்கொண்டிருந்தால் இன்னும் காயவில்லை.

மூட்டத்தை அப்படியே காப்பியடிப்பது

இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் போடும் கரிமூட்டம் அடுப்புக்கரிக்காக வந்த முறை. மண்ணால் மூடி நாள்கணக்கில் புகையவிடுவார்கள். அந்தப் புகையில் மீத்தேன் போகிறது. 100 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்ஸைடைப் போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும் வாயு அது. மண்ணில் கார்பன் சேர்க்கப் போகிறேன் என்று தொடங்கி இதைக் காற்றில் விடுவதில் என்ன லாபம்?

திறந்த கூம்புக் குழி போதும். 2014-இல் சுவிட்சர்லாந்தில் உருவான கான்-டிக்கி என்ற கரி சுடும் கலமும் இதே தத்துவம்தான். மேல் விட்டம் 1.5 மீட்டர், ஆழம் 80 செ.மீ., அடி விட்டம் 60 செ.மீ. என்று சரிவாக வெட்டுங்கள். முதல் அடுக்கை மேலிருந்து பற்றவையுங்கள், அடியிலிருந்து வேண்டாம். மேலே சுழலும் தீ காற்றிலுள்ள ஆக்ஸிஜனைத் தின்றுவிடும், அடியிலிருப்பது எரியாமல் கரியாகும். மேல் விறகில் மெல்லிய வெண்சாம்பல் பூக்கும்போது அடுத்த அடுக்கு. அதற்கு முன்னால் போட்டால் புகை, தாமதித்தால் சாம்பல். மணிக்கட்டுப் பருமன் விறகு முதல் அடுக்குகளில், விரல் பருமன் கடைசியில். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, கரிக்குள் வேகாத கட்டை கிடக்கிறதே என்று கேட்கிறார்கள்.

அணைக்கும் தண்ணீர் பக்கத்தில் தயாராக இருக்க வேண்டும். இந்த அளவுக் குழிக்குக் குறைந்தது 500 லிட்டர். மண் போட்டு மூடினால் இடுக்கு வழியாகக் காற்று நுழைந்து, விடிவதற்குள் பாதி சாம்பலாகியிருக்கும்.

கரி சரியாக வெந்ததா என்று பார்க்கக் கையில் தேய்த்துக் கழுவுங்கள். வெறும் தண்ணீரில் போனால் சரி. பிசுக்காக ஒட்டி சோப்பு கேட்டால் தார் மிச்சம், அது செடிக்கு ஆகாது.

ஆலைச் சாம்பலைக் கரி என்று வாங்குவது

அரிசி ஆலைக் கொதிகலனில் இருந்து கறுப்பாக வருவதெல்லாம் பயோசார் இல்லை. ஒழுங்காகச் சுட்ட உமிக்கரியிலேயே பாதிக்குப் பாதி சாம்பல்தான், அதிலும் பெரும்பகுதி சிலிக்கா. ஆலையில் நன்றாக எரிந்து வருவதில் கார்பன் கொஞ்சமே மிஞ்சும். சோதிக்க 10 கிராம் காய்ந்த பொடியை இரும்புத் தட்டில் போட்டு, கறுப்பு முழுக்கப் போகும்வரை சிவக்கச் சூடாக்கி, மிச்சத்தை எடை போடுங்கள். 8, 9 கிராம் மிஞ்சினால் நீங்கள் வாங்கியது சாம்பல். சாம்பலுக்கும் வயலில் வேலை உண்டு. விலைதான் வேறு.

பச்சைக் கரியை வயலில் இறக்குவது

இதற்குத்தான் இந்தக் கட்டுரையே. எத்தனை தடவை சொன்னாலும் மறுபடி நடக்கிறது. ஏனென்றால் கரி சுடுவது கண்ணுக்குத் தெரிகிற வேலை, படம் எடுத்துப் போடலாம். ஊட்டமேற்றுவது, அதாவது கரியை எருவோடு கலந்து மக்கவைப்பது, சாணிக் குவியலுக்குப் பக்கத்தில் ஆறு வாரம் காத்திருக்கும் வேலை. அதனால் அதைத் தாண்டிவிடுகிறார்கள்.

வழக்கமாகக் கதை இப்படி ஓடும். குழியிலிருந்து எடுத்த கரியை இரண்டு நாள் காயவைத்து, உடைத்து, மிளகாய் நாற்று நடுவதற்கு முந்தைய வாரம் தூவி உழுவார்கள். மூன்றாவது வாரம் செடி வெளிறும். அடி இலைகள் முதலில் மஞ்சளாகும். தழைச்சத்துக் குறை என்று சரியாகவே கண்டுபிடித்து யூரியா போடுவார்கள். பச்சை திரும்பாது. இன்னொரு தடவை போடுவார்கள். அதற்குள் பூக்கும் பருவம் தள்ளிப்போய்விடும். கடைசியில் பழி கரியின் மேல் விழும்: "பயோசார் எல்லாம் சும்மா பேச்சு சார்."

மண்ணுக்குள் நடந்தது என்ன? புதுக் கரி வெறும் பானை மாதிரி. அதன் நுண்துளைகளும் மேற்பரப்பும் தண்ணீரையும், தழைச்சத்தின் ஒரு வடிவமான அமோனியத்தையும் தம் பக்கம் இழுத்துக்கொள்ளும். கரியில் ஒட்டியிருக்கும் எளிதில் சிதையும் பொருள்களை நுண்ணுயிர்கள் தின்னத் தொடங்கும். தின்பதற்குத் தழைச்சத்து வேண்டும், அதை மண்ணிலிருந்தே எடுக்கும். செடிக்குப் போக வேண்டியது சில வாரங்களுக்கு அவற்றின் உடம்பில் சிக்கிக்கிடக்கும். பின்னால் அது திரும்பி வரும் என்பது உண்மைதான், ஆனால் நாற்று அதுவரை காத்திருக்காது.

யூரியா ஏன் காப்பாற்றவில்லை என்பதுதான் பலர் யோசிக்காத இடம். விறகுக் கரியோடு சாம்பலும் கலந்திருக்கும். புதுக் கரியின் பி.எச். (புளிப்பு, காரம் காட்டும் அளவு; 7-க்கு மேல் காரம்) 9, 10 என்று இருப்பது சாதாரணம். யூரியா மண்ணில் அமோனியமாக மாறும். பி.எச். 7-இல் அதில் நூற்றுக்கு ஒரு பங்குகூட அமோனியா வாயுவாக இருக்காது. 9-ஐத் தொட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாயுதான். ஆக, கரித்துண்டைச் சுற்றி விழுந்த யூரியாவின் நல்ல பகுதி காற்றில் போகிறது. போட்ட மூட்டைக்குக் காசும் போய், செடியும் மஞ்சளாகவே நிற்கிறது.

அமேசான் காட்டின் டெர்ரா ப்ரீட்டா கரிமண்ணை உதாரணம் காட்டாதவர் இல்லை. அந்த மண்ணைத் தோண்டினால் கரி மட்டும் வருவதில்லை. மீன் முள், எலும்பு, உடைந்த பானை ஓடு, சமையல் கழிவு, மனிதக் கழிவு எல்லாம் சேர்ந்து வரும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அங்கே வாழ்ந்தவர்கள் குப்பையோடு கரியைப் போட்டார்கள். குப்பையை விட்டுவிட்டுக் கரியை மட்டும் எடுத்துக்கொண்டது நாம்.

சரியான வழிக்கு வருவோம். முதலில் கழுவுங்கள். அணைக்கும்போதே தாராளமாகத் தண்ணீர் விட்டு, வடியவிட்டு, சாம்பல் நீரை வெளியேற்றினால் காரம் நன்றாகக் குறையும். அந்த நீரை நாற்றங்கால் பக்கம் விடாதீர்கள். பிறகு கரியைப் பட்டாணி அளவுக்கு உடையுங்கள். கூடைக் கணக்கில் கரி ஒரு பங்கு, பாதி மக்கிய தொழுஉரம் இரண்டு பங்கு கலந்து நிழலில் குவியுங்கள். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் இரண்டு மூன்று சொட்டு வர வேண்டும், ஒழுகக் கூடாது. தென்னங்கீற்றால் மூடி, வாரம் ஒருமுறை புரட்டுங்கள். நான்கு வாரம் குறைந்தபட்சம், ஆறு முதல் எட்டு வாரம் நல்லது.

கோமியம் ஊற்றுகிறவர்கள் மூக்கை நம்புங்கள். கழுவாத கரியில் கோமியம் விட்டதும் மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால், ஏற்ற வந்த தழைச்சத்து கண் முன்னால் பறக்கிறது என்று அர்த்தம். ஜீவாமிர்தத்தில் ஒரு ராத்திரி ஊறவைத்தேன், போதாதா என்றும் கேட்பார்கள். போதாது. ஒரு ராத்திரியில் துளைக்குள் தண்ணீர் போகும், அவ்வளவுதான்.

மாடு வைத்திருப்பவருக்கு இதைவிட எளிய வழி உண்டு. கழுவி வடித்த கரியைக் கொட்டகைத் தரையில் இரண்டு மூன்று செ.மீ. பரப்பி, மேலே வைக்கோல் போடுங்கள். கோமியம் தானாக இறங்கும். வாரம் ஒருமுறை வாரி எருக்குழியில் தள்ளி, மற்ற எருவோடு மக்கவிடுங்கள். குழியில் மொத்தக் கன அளவில் கரி 10 முதல் 15 சதவீதம் இருந்தால் போதும்.

வயலுக்குப் போகும் முன் ஒரு சோதனை. இரண்டு தொட்டியில் ஒரே மண். ஒன்றில் மட்டும் ஒன்பது பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு தயாரான கரிக்கலவை. இரண்டிலும் 20 பாசிப்பயறு விதை. பத்தாம் நாள் கரித் தொட்டியில் முளைப்பு குறைந்தோ இலை வெளிறியோ இருந்தால் குவியலை இன்னும் இரண்டு வாரம் விடுங்கள். ஒரு கைப்பிடி பயறுச் செலவில் ஒரு போகம் தப்பும்.

களர் மண்ணுக்கும் நீலகிரிக்கும் ஒரே அளவு

பயோசார் விளைச்சலைத் தூக்கியது என்று வரும் செய்திகளில் பெரும்பாலானவை வெப்பமண்டலத்தின் அமில மண்ணிலிருந்து வந்தவை. அங்கே பாதி வேலையைச் செய்தது கரியின் சுண்ணாம்புக் குணம். நீலகிரித் தேயிலை மண்ணும் புளித்த மண்தான். அங்கேயும் கரி கைகொடுக்கலாம், ஆனால் தேயிலைக்கே கொஞ்சம் புளிப்பு வேண்டும், மண் சோதனை பார்த்துப் போடுங்கள். பி.எச். 8-ஐத் தாண்டிய கரிசலிலோ களரிலோ அதே அளவைக் கொட்டினால் இரும்பும் துத்தநாகமும் செடிக்கு எட்டாமல் போகும். அடையாளம் வேறு: அடி இலை இல்லை, கொழுந்து இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இந்த மண்ணில் கழுவி மக்கவைத்த கரியைத் தவிர வேறெதுவும் வேண்டாம், அதுவும் கொஞ்சமாக.

ஏக்கர் முழுக்கத் தூவுவது

ஆய்வுகளில் சொல்லும் ஹெக்டேருக்கு 10 டன் என்பது சதுர மீட்டருக்கு ஒரு கிலோ, சென்டுக்கு 40 கிலோ, ஏக்கருக்கு 4 டன். காய்ந்த விறகில் ஐந்தில் ஒரு பங்குதான் கரியாகும் என்றால் 20 டன் விறகு வேண்டும். மேலே சொன்ன குழி ஒன்றில் நிரம்பும் கரி காய்ந்த எடையில் 150 கிலோ தேறினால் அதிகம். 27 குழி சுட ஆளிருக்கிறதா? வேருக்குப் போடுங்கள். காய்கறி நாற்றுக்கு நடுகுழியில் இரண்டு கைப்பிடி கலவை. தென்னைக்கு 1.8 மீட்டர் ஆரத்து வட்டப்பாத்தியில், வருஷா வருஷம் போடும் எருவோடு சேர்த்து. ஒரே வருஷத்தில் முடிக்க வேண்டும் என்று யார் சொன்னது?

ஈரக் கரியை எடைபோட்டுக் கார்பன் கணக்கு

சேமித்த கார்பனைக் காசாக்கும் கார்பன் கிரெடிட் பேச்சு வந்ததும் கரி எடையை 3.67-ஆல் பெருக்குகிறார்கள். கார்பன் எடையைக் கார்பன் டை ஆக்ஸைடு எடையாக மாற்றும் எண் அது. இதில் மூன்று ஓட்டை. தண்ணீர் ஊற்றி அணைத்த கரியில் பாதி எடை தண்ணீராகவே இருக்கலாம். காய்ந்த கரியும் முழுக்கக் கார்பன் இல்லை. அந்தக் கார்பனும் முழுக்க நிற்காது.

ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2019-இல் திருத்திய வழிகாட்டுதல், 100 ஆண்டுக்குப் பிறகு மண்ணில் எஞ்சும் பங்கை 600 டிகிரிக்கு மேல் சுட்ட கரிக்கு 0.89, 450 முதல் 600 வரை 0.80, 350 முதல் 450 வரை 0.65 என்று வைக்கிறது. காய்ந்த ஒரு டன் விறகுக்கரியில் 75 சதவீதம் கார்பன் என்று வைத்தால் 750 கிலோ. நல்ல சூட்டில் சுட்டிருந்தால் 667 கிலோ நிற்கும். அதை 3.67-ஆல் பெருக்கினால் சுமார் 2.45 டன் கார்பன் டை ஆக்ஸைடு. அதே ஒரு டன் ஈரமாக இருந்தால் 1.2 டன் சொச்சம்தான். குழியின் புகையும், விறகு ஏற்றிவந்த வண்டி டீசலும் இதில் இன்னும் கழியவில்லை.

ஐரோப்பியப் பயோசார் சான்றிதழ் கரியில் ஹைட்ரஜனுக்கும் கரிமக் கார்பனுக்கும் உள்ள அணு விகிதத்தை 0.7-க்குக் கீழ் கேட்கிறது. கரி எவ்வளவு நன்றாக வெந்தது என்பதைக் காட்டும் எண் அது. அதை ஆய்வகம்தான் சொல்ல முடியும், கண்ணால் பார்த்துச் சொல்கிறவரிடம் விற்காதீர்கள். இன்னொன்று: உங்கள் கரியை வாங்கியவர் அடுப்பில் போட்டால் சேமிப்பு பூஜ்யம்.

காய்ந்த கரியை இடிப்பது

நனைத்து இடியுங்கள், நுரையீரல் ஒன்றுதான்.

கரிக்காகப் பயன்மரம் வெட்டுவது

வேண்டாம்.

அன்றைக்கே சாக்கில் கட்டிக் கொட்டகையில் அடுக்குவது

வெளியே குளிர்ந்த கரிக்கு உள்ளே கங்கு இருக்கும். கங்கே இல்லாவிட்டாலும் புதுக் கரி காற்றிலுள்ள ஆக்ஸிஜனை இழுத்துத் தானாகச் சூடேறும், நிறைய குவித்துவைத்தால் பற்றிக்கொள்ளும். அணைத்த பிறகு திறந்த வெளியில் ஒரு சாணுக்கு மேல் உயரமில்லாமல் பரப்பி ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் காலையில் புறங்கையை மேலே காட்டி, சூடு இல்லை என்றால் மண்வெட்டியால் நாலு இடத்தில் கிளறி மறுபடி காட்டுங்கள். எங்காவது வெதுவெதுப்பு தெரிந்தால் அந்த இடத்தில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, அடுத்த நாள்வரை சாக்கை எடுக்காதீர்கள். வைக்கோல் போர் பக்கத்தில் எப்போதுமே வேண்டாம்.