பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் உதறுகிறதா? டிஸ்க்கை மாற்றும் முன் ஹப்பைப் பாருங்கள்

80 கி.மீ. வேகத்தில் பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் இடமும் வலமுமாக உதறும். 40-க்குக் கீழே வந்ததும் அடங்கிவிடும். பட்டறையில் காட்டினால் "டிஸ்க் வளைஞ்சுடுச்சு, மாத்திடலாம்" என்பார்கள். மாற்றியதும் சரியாகிவிடும். ஆனால் ஐயாயிரம், எட்டாயிரம் கி.மீ. ஓடிய பிறகு அதே உதறல் திரும்பி வரும். அப்போது புது டிஸ்க்கே மட்டம் என்று பழி அதன்மேல் விழும். இப்படித் திரும்பி வந்தால் பெரும்பாலும் கோளாறு டிஸ்க்கும் வீலும் உட்காரும் நடுப்பாகமான ஹப்பிலோ, வீல் நட்டை முறுக்கிய விதத்திலோ இருக்கிறது.

டிஸ்க்கில் என்னதான் நடக்கிறது?

பிரேக் டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. பழைய தோசைக்கல்லும் அதே இனம்தான். தினசரி ஓட்டத்தில் அது அப்பளம்போல் வளைந்துவிடாது. 'வளைவு' என்று சொல்லப்படுவது பெரும்பாலும் தடிமன் வேறுபாடு. ஓரிடத்தில் 20.00 மி.மீ., கொஞ்சம் தள்ளி 19.98 மி.மீ. என்று இருந்தாலே போதும். தலைமுடியைவிட மெல்லிய இந்த 0.02 மி.மீ. வித்தியாசம் கையில் தெரியும் உதறலைக் கொடுத்துவிடும்.

டிஸ்க்கை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் இரண்டு பேட்களுக்கு நடுவே தடித்த இடம் வரும்போது பிடி இறுகும், மெலிந்த இடம் வரும்போது தளரும். சாதாரண 14 அங்குல வீல் 80 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 11 தடவைக்கு மேல் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அந்த இறுக்கமும் தளர்வும் ஸ்டியரிங்குக்கும் பெடலுக்கும் போய்ச் சேரும். முன் சஸ்பென்ஷனின் இயல்பான அதிர்வும் ஏறக்குறைய அதே கணக்கில் இருப்பதால்தான் 80-லிருந்து 100 வரை உதறல் பலமாகத் தெரிகிறது.

தடிமன் மாறுவதற்கு முக்கியமான காரணங்கள் இரண்டு. முதலாவது டிஸ்க்கின் பக்கவாட்டு ஆட்டம். பட்டறையில் 'ரன் அவுட்' என்பார்கள். டிஸ்க் ஹப்பில் நேராக உட்காராவிட்டால், பிரேக் மிதிக்காதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் அதன் ஒரே இடம் பேட்டில் லேசாக உரசிக்கொண்டே இருக்கும். அந்த இடம் மட்டும் தேயும். தேய்மானம் 0.02 மி.மீ. ஆக சில ஆயிரம் கி.மீ. பிடிக்கும். புது டிஸ்க் போட்டும் உதறல் திரும்பி வருவது இதனால்தான்.

இரண்டாவது காரணம் பேட்டின் பூச்சு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் மூன்றாவது கியரில், பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் இறங்கினால் டிஸ்க் கொதித்துவிடும். அடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்தி, பெடலை அழுத்தியபடியே இருந்தால் சூடான பேட்டின் பொருள் டிஸ்க்கில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். வீலைக் கழற்றிப் பார்த்தால் பளபளப்பான வளையத்தின் நடுவே பேட்டின் வடிவத்திலேயே ஒரு சாம்பல் திட்டு தெரியும். பக்கத்தில் கருநீலப் புள்ளிகளும் இருந்தால் அங்கே இரும்பின் தன்மையே மாறிக் கடினமாகிவிட்டது என்று பொருள். எமரித் தாளால் தேய்த்தாலும் லேத்தில் கடைந்து டர்னிங் போட்டாலும் அந்தப் புள்ளிகள் மீண்டும் மேடாகும். அந்த டிஸ்க்கை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

படி 1: உதறல் எங்கிருந்து வருகிறது?

பிரேக் மிதிக்காமலேயே 80–100-ல் உதறினால் முதலில் வீல் பேலன்ஸ், டயர் வீக்கம், ரிம் நெளிவு ஆகியவற்றைப் பாருங்கள். மிதித்தால் மட்டும் உதறி, அது ஸ்டியரிங்கில் தெரிந்தால் முன் பிரேக். சீட்டிலும் தரையிலும் தெரிந்தால் பெரும்பாலும் பின் பிரேக்.

கையால் இழுக்கும் ஹேண்ட் பிரேக் உள்ள காரில் இதை உறுதி செய்துகொள்ள வழி உண்டு. ஆளில்லாத, காய்ந்த, நேரான சாலையில் 40 கி.மீ. வேகத்தில், பட்டனை அழுத்திப் பிடித்தபடியே ஹேண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழுங்கள். அப்போது உதறினால் கோளாறு பின்னால்தான். வெடுக்கென்று இழுத்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு கார் சுழலும். பட்டனிலிருந்து விரல் எடுக்கவே கூடாது. சுவிட்ச் வைத்த எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக்கில் இந்தச் சோதனை வேண்டாம்.

மணலிலோ ஈரத்திலோ அவசரமாக மிதிக்கும்போது பெடல் படபடவென்று துடிப்பது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். தன் வேலையைச் செய்வது. அதைக் கோளாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 2: தூக்கி, ஆட்டிப் பார்ப்பது

சமதரையில் நிறுத்தி, தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். வீல் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்திவிட்டு ஜாக்கி போடுங்கள். ஸ்டாண்ட் வைக்காமல் ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்ய வேண்டாம்.

வீலைக் கழற்றுவதற்கு முன் மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். லொடக்கென்றால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் டை ராடு எண்டையும் சந்தேகியுங்கள். லோயர் ஆர்ம் புஷ் கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இவை தேய்ந்திருந்தால் சிறு உதறலும் பெரிதாகத் தெரியும். பேரிங்கில் ஆட்டம் இருந்தால் அடுத்த படியில் எடுக்கும் அளவுகளையும் நம்ப முடியாது.

படி 3: அளப்பது

தேவையானவை இரண்டு: 0.01 மி.மீ. வரை காட்டும் டயல் கேஜ், 0–25 மி.மீ. மைக்ரோமீட்டர். சாதாரண வெர்னியர் இந்த வேலைக்குப் போதாது.

வீலைக் கழற்றியதும் டிஸ்க் தளர்ந்துவிடும். அதனால் வாஷர் வைத்து வீல் நட்டுகளைப் போட்டு டிஸ்க்கை ஹப்போடு சேர்த்து இறுக்குங்கள். டயல் கேஜின் முனையை டிஸ்க்கின் வெளி விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு டிஸ்க்கை ஒரு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். முள்ளின் மிகக் குறைந்த எண்ணுக்கும் மிக உயர்ந்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் ரன் அவுட். பல கார்களுக்கு 0.05 மி.மீ. நல்ல இலக்கு. உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும் எண்ணே இறுதியானது.

பிறகு மைக்ரோமீட்டரால் அதே வட்டத்தில் சம இடைவெளியில் எட்டு இடங்களில் தடிமனை அளந்து எழுதுங்கள். வித்தியாசம் 0.02-ஐத் தாண்டினால் உதறலுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. எட்டு எண்களில் மிகக் குறைந்ததை, டிஸ்க்கின் ஓரத்திலோ மையக் குடத்திலோ பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனோடு ஒப்பிடுங்கள். புதிதாக 20 மி.மீ. இருக்கும் டிஸ்க்குக்கு அது பெரும்பாலும் 18 மி.மீ. என்றிருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் யோசனைக்கே இடமில்லை, மாற்ற வேண்டியதுதான்.

படி 4: ஹப்பைச் சுத்தம் செய்வது

பலரும் தாண்டிப்போகும் இடம் இதுதான். பேட்களை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரைக் கழற்றி, கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். ரப்பர் ஹோஸில் அதன் பாரம் விழவே கூடாது. காலிப்பர் பிராக்கெட்டையும் எடுங்கள். டிஸ்க்கின் எந்தத் துளை ஹப்பின் எந்த ஸ்டட்டில் (வீல் நட்டு மாட்டும் மரைக் கம்பி) இருந்தது என்று மார்க்கர் போட்டுக்கொள்ளுங்கள். டிஸ்க் துருவில் ஒட்டியிருந்தால் சுத்தியலால் அடிக்க வேண்டாம், பேரிங் கெடும். பல டிஸ்க்குகளில் சிறிய மரைத் துளைகள் இரண்டு இருக்கும். அளவுக்கேற்ற போல்ட்டுகளை அவற்றில் மாறி மாறி முறுக்கினால் டிஸ்க் தானே வெளியே வரும்.

ஹப் முகத்தைப் பாருங்கள். ஸ்டட்டுகளின் அடியில் செதில் செதிலாகத் துரு இருக்கும். 140 மி.மீ. அகலமுள்ள ஹப்பின் ஓரத்தில் 0.05 மி.மீ. துருச்செதில் ஒன்று இருந்தால், 230 மி.மீ. டிஸ்க்கின் விளிம்பில் அது 0.08 மி.மீ. ஆட்டமாகப் பெருகும். வயர் பிரஷ்ஷாலும் எமரியாலும் ஹப் முகம், ஸ்டட்டின் அடி, நடுக்குடம், டிஸ்க்கின் உள்முகம் எல்லாவற்றையும் பளிச்சென்று இரும்பு தெரியும்வரை தேயுங்கள். விரல் நகத்தால் வருடினால் எதுவும் தட்டக்கூடாது. இங்கே கிரீஸ் அப்பவும் வேண்டாம், அதில் தூசி சேரும்.

பழைய துளையிலேயே டிஸ்க்கைப் போட்டு மறுபடி அளங்கள். இன்னும் அதிகமாக இருந்தால் டிஸ்க்கை அடுத்த ஸ்டட்டுக்குத் திருப்பி மாட்டி அளங்கள். நான்கு ஸ்டட் என்றால் நான்கு நிலைகளிலும் பார்த்து, குறைவாக வரும் நிலையைத் தேர்ந்தெடுங்கள். எந்த நிலையிலும் குறையவில்லையா? டிஸ்க்கை எடுத்துவிட்டு ஹப் முகத்திலேயே கேஜ் வைத்துப் பாருங்கள். அங்கேயே முள் ஆடினால் மாற்ற வேண்டியது ஹப் அல்லது பேரிங்.

படி 5: காலிப்பர் பின்கள்

இரண்டு பின்களும் விரலால் தள்ளினாலே வழுக்கிப் போக வேண்டும். சிக்கினால் ஒருபக்க பேட் எப்போதும் டிஸ்க்கில் உரசிச் சூடேற்றும். உள் பேட்டுக்கும் வெளி பேட்டுக்கும் தேய்மானத்தில் பெரிய வித்தியாசம் இருப்பதே இதற்கு அடையாளம். பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு, பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸை மெல்லிய படலமாகப் பூசுங்கள். சாதாரண மஞ்சள் கிரீஸ் ரப்பரை ஊதச் செய்து பின்னை இறுக்கிவிடும். பிரேக் தூசியைக் காற்றால் ஊதாதீர்கள், பிரேக் கிளீனரில் நனைத்துத் துடையுங்கள்.

படி 6: டர்னிங்கா, புதிதா?

லேசான பூச்சு மட்டும் என்றால் 80 அல்லது 120 நம்பர் எமரியால் டிஸ்க்கின் இரு முகங்களையும், பேட்டின் முகத்தையும் தேய்த்தாலே போதும். தடிமன் வேறுபாடு இருந்து, தடிமனும் மிச்சம் இருந்தால் லேத்தில் டர்னிங் போடலாம். டிஸ்க்கைக் காரிலேயே வைத்துக் கடையும் இயந்திரம் கிடைத்தால் அதுவே சிறந்தது. ஹப்பின் ஆட்டத்தையும் சேர்த்தே சரிசெய்துவிடும். தனியாகக் கழற்றிக் கடைந்தால், லேத்தில் டிஸ்க் உட்காரும் இடம் சுத்தமாக இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கடையச் சொல்லுங்கள். கடைந்த பிறகும் குறைந்தபட்சத் தடிமனுக்கு மேல் நன்றாக மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த மலையிறக்கத்திலேயே சூடு தாங்காது. சின்னக் கார்களின் டிஸ்க்குக்குப் புதிது வாங்குவதே மேல் என்பது எங்கள் கருத்து. வாங்கினால் இரண்டு பக்கமும் சேர்த்து, புது பேட்களோடு போடுங்கள். புது டிஸ்க்கில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தை மாட்டும் முன் துடைத்துவிடுங்கள்.

பின் சக்கரத்தில் டிஸ்க்குக்குப் பதிலாக டிரம் இருந்து, அதில் உதறினால் அது முட்டை வடிவமாகியிருக்கும். சூடான டிரம்மில் ஹேண்ட் பிரேக்கை இறுக்கி இழுத்து நிறுத்துவது ஒரு காரணம். மலையிறங்கி வந்ததும் சமதரையில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்துங்கள்.

படி 7: முறுக்குவதும் பழக்குவதும்

காலிப்பர், பிராக்கெட் போல்ட்டுகளை மேனுவல் சொல்லும் டார்க்கில் (முறுக்கு விசையின் அளவில்) முறுக்குங்கள். வீல் நட்டுகளை எதிரெதிராக, இரண்டு சுற்றில் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். பெரும்பாலான சின்னக் கார்களுக்கு இது 85-லிருந்து 110 நியூட்டன் மீட்டருக்குள் வரும். காற்றுத் துப்பாக்கியால் ஒரு நட்டை 150-க்கும் அடுத்ததை 90-க்கும் முறுக்கினால், சுத்தம் செய்த ஹப்பிலும் டிஸ்க் கோணலாகத்தான் உட்காரும்.

காரை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை பல தடவை மிதியுங்கள். பேட்களை மாட்டும்போது காலிப்பரின் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளியிருப்பதால் முதல் மிதிக்குப் பிரேக்கே பிடிக்காது. பிரேக் ஆயில் அளவையும் பாருங்கள்.

பிறகு காலிச் சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 15 வரை, நடுத்தரமான அழுத்தத்தில், எட்டு முதல் பத்து தடவை குறையுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையே அரை நிமிடம் ஓடவிடுங்கள். முழுவதுமாக நிறுத்த வேண்டாம். முடிந்ததும் பத்து நிமிடம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். பேட்டின் பொருள் டிஸ்க் முழுக்க ஒரே சீராகப் படிவதற்குத்தான் இத்தனையும்.

நூறு கி.மீ. ஓடிய பிறகு வீல் நட்டுகளை ஒரு தடவை டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். பஞ்சர் கடையில் வீல் கழற்ற நேர்ந்தால், கடைசி முறுக்கைத் துப்பாக்கியால் போட விடாதீர்கள். கை ஸ்பேனரால் எதிரெதிராக முறுக்கச் சொல்லி, வீட்டுக்கு வந்ததும் டார்க் ரெஞ்சை எடுத்து, எல்லா நட்டையும் சற்றுத் தளர்த்தி மறுபடி சரியான அளவில் இறுக்குங்கள்.