ஜப்பான், கொரிய வரலாறு எழுதுவோர் தேதிகளில் செய்யும் தவறுகள்

சென்ற மாதம் மூன்று இளைஞர்களின் கட்டுரைகள் திருத்தத்துக்காக என்னிடம் வந்தன. மூன்றும் ஜப்பான், கொரியா பற்றியவை. எழுதத் தொடங்கிய காலத்தில் நான் செய்த அதே பிழைகள் மூன்றிலும் இருந்தன. குடும்பப் பெயர் முன்னால் வரும் என்பதையும் கிம் என்று பெயருள்ள எல்லாரும் உறவினர் அல்லர் என்பதையும் ஒரு வாரத்தில் யாரும் கற்றுக்கொண்டுவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது தேதிகளைப் பற்றி.

எட்டாம் மாதம் ஆகஸ்ட் அல்ல

கொரியாவை ஆண்ட ஜோசொன் அரசு 1895 முடியும் வரை சந்திரமான நாட்காட்டியைத்தான் பின்பற்றியது. ஜப்பானோ 1873லேயே ஐரோப்பிய நாட்காட்டிக்கு மாறிவிட்டது. ஆகவே ஒரே சம்பவம் கொரிய ஆவணத்தில் ஒரு தேதியிலும் ஜப்பானிய ஆவணத்தில் வேறொரு தேதியிலும் இருக்கும்.

இதை அறியாமல் நான் எழுதிய ஒரு பக்கம் இன்றும் என்னை உறுத்துகிறது. பின்னாளில் பேரரசி ம்யொங்சொங் என்று அழைக்கப்பட்ட அரசி மின்னின் 1895ஆம் ஆண்டுக் கொலை பற்றியது அது. விடியற்காலையில் சியோலின் க்யொங்போக்குங் அரண்மனைக்குள் புகுந்த ஜப்பானியர்கள் அரசியைக் கொன்று உடலை எரித்தார்கள். திட்டத்தின் பின்னால் இருந்தவர் ஜப்பானியத் தூதர் மியுரா கோரோ. கொரியக் குறிப்பில் இச்சம்பவம் எட்டாம் மாதம் இருபதாம் நாள் என்றிருந்தது. ஜப்பானியக் குறிப்பில் அக்டோபர் 8. முதலாவதை ஆகஸ்ட் 20 என்று எழுதிக்கொண்டேன். நடுவே 49 நாட்கள் இருந்தன. அந்த இடைவெளிக்கு ஒரு காரணம் வேண்டுமே! ஜப்பான் ஏழு வாரம் செய்தியை அமுக்கி வைத்தது என்று ஒரு முழுப் பக்கம் எழுதினேன். அது அச்சாகியும் விட்டது.

இரண்டும் ஒரே நாள். அந்த ஆண்டில் ஓர் அதிக மாதம், அதாவது கூடுதலாகச் செருகப்படும் மாதம், வந்ததால் இடைவெளி அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது. அமுக்கி வைக்க வழியே இருக்கவில்லை. அரண்மனையில் இருந்த அமெரிக்க ராணுவப் பயிற்சியாளரும் ரஷ்யக் கட்டடக் கலைஞரும் கண்ணால் கண்ட சாட்சிகள். உண்மையான அநீதி வேறு இடத்தில் இருக்கிறது. மியுராவையும் கூட்டாளிகளையும் ஹிரோஷிமாவில் விசாரித்து, போதிய ஆதாரம் இல்லை என்று 1896 ஜனவரியில் விடுவித்தார்கள். ஓர் அரசியைக் கொன்றவர்கள் தண்டனையின்றி வீடு திரும்பிய வரலாற்றை, ஒரு செய்தி தாமதமாக வந்த கதையாக நான் மாற்றிவிட்டேன். விற்காமல் இருந்த பிரதிகளில் பிழைத்திருத்தச் சீட்டை என் கையால் ஒட்டினேன். விற்றுப்போனவற்றில் அந்தப் பக்கம் அப்படியே இருக்கிறது.

சென்ற மாதக் கட்டுரை ஒன்றில் இதே ஆகஸ்ட் 20ஐப் பார்த்தபோது எனக்குக் கோபமே வந்தது. இன்னொன்றில் இதற்கு நேர்மாறான பிழை. சந்திரமான விவரத்தை எங்கோ படித்திருந்த அந்த மாணவர், எல்லாத் தேதிகளோடும் ஏழு வாரத்தைக் கூட்டிவிட்டார். மன்னர் கோஜோங் ரஷ்யத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்தது 1896 பிப்ரவரி 11. அதை மார்ச் இறுதிக்குத் தள்ளியிருந்தார். அரசியின் கொலைக்குப் பிறகு வந்த அமைச்சரவை, குடுமியை வெட்டச் சொன்ன அதே ஆணைகளின் வரிசையில் நாட்காட்டியையும் மாற்றியது. 1895ஆம் ஆண்டின் பதினோராம் மாதம் பதினேழாம் நாள், 1896 ஜனவரி 1 ஆனது. மன்னர் தப்பியோடிய தேதி ஏற்கெனவே புதுக் கணக்கில் இருக்கிறது. அதில் கை வைக்கக் கூடாது.

என்னிடம் வருகிறவர்களை முதலில் ஜப்பானும் கொரியாவும் 1876இல் செய்துகொண்ட கங்ஹ்வா ஒப்பந்தத்தின் கடைசி வரிகளைக் கையால் எழுதிப் பார்க்கச் சொல்வேன். ஜப்பான் தரப்பின் வரியில் 'மெய்ஜி 9, இரண்டாம் மாதம் 26' என்று இருக்கும். மெய்ஜி என்பது ஜப்பானியப் பேரரசரின் ஆட்சிக் காலத்துக்கு இட்ட பெயர். கொரியத் தரப்பின் வரியில் 'ஜோசொன் நாடு தொடங்கிய 485ஆம் ஆண்டு, ப்யொங்ஜா, இரண்டாம் மாதம் 2' என்று இருக்கும். ஒரே ஒப்பந்தம், ஒரே நாள். மாதத்தின் எண்கூட ஒன்றாகவே இருப்பதுதான் இதில் உள்ள ஆபத்து. தேதியைக் குறித்துக்கொள்ளும் முன் அதை எழுதியது யார், எந்த நாட்காட்டியில் எழுதினார் என்று பக்கத்திலேயே எழுதிவையுங்கள். மாற்றிய தேதிக்குத் தனிப் பத்தி போடுங்கள். மூலத் தேதியை அழிக்காதீர்கள்.

அறுபது ஆண்டுச் சுழற்சி

மேலே வந்த ப்யொங்ஜா என்பது நம் பிரபவ, விபவ போல அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும் பெயர். மஞ்சுக்கள் கொரியாவின் மீது படையெடுத்த 1636ம் ப்யொங்ஜாதான். ஆண்டுப் பெயரை மட்டும் நம்பி நூற்றாண்டை முடிவு செய்யாதீர்கள்.

ஷோவா 1

மெய்ஜி போல ஷோவாவும் ஆட்சிக் காலப் பெயர். அதன் முதல் ஆண்டு ஏழே நாட்கள். 1926 டிசம்பர் 25 முதல் 31 வரை.

ஷோவா 64

அதுவும் ஏழே நாட்கள். 1989 ஜனவரி 8 முதல் ஹெய்செய் என்ற அடுத்த ஆட்சிக் காலம்.

டான்கி ஆண்டு

கொரியாவை நிறுவியதாகப் புராணம் சொல்லும் டாங்குன் காலத்திலிருந்து எண்ணும் ஆண்டு இது. நம் ஆண்டுக்கு மாற்ற 2333ஐக் கழியுங்கள். தென் கொரியாவின் முதல் அரசியலமைப்பின் முகப்புரையில் உள்ள 4281, 1948ஐக் குறிக்கிறது. 1961 முடியும் வரை அரசுத் தாள்களில் இந்தக் கணக்குதான் இருந்தது.

மாதமும் நாளும் மட்டும் சொல்லும் பெயர்கள்

கொரியர்கள் 4·19, 5·16, 5·18 என்று எழுதிவிட்டு ஆண்டைச் சொல்ல மாட்டார்கள். முறையே 1960ஆம் ஆண்டின் மாணவர் எழுச்சி, 1961ஆம் ஆண்டின் ராணுவப் புரட்சி, 1980ஆம் ஆண்டின் குவாங்ஜு நகர எழுச்சி. மூன்றாவது கட்டுரையில் பின்னிரண்டும் ஒரே வாரத்தில் நடந்ததாக இருந்தது. ஆட்சியைப் பிடித்த தளபதியையும் பத்தொன்பது ஆண்டுகள் கழித்துத் தெருவில் சுடப்பட்ட மாணவர்களையும் ஒரே பத்தியில் நிறுத்தியிருந்தார் அதை எழுதியவர். தமிழில் எழுதும்போது ஆண்டைச் சேர்த்தே எழுதுங்கள்.

நென்தோ

ஜப்பானில் அரசுக் கணக்கும் பள்ளி ஆண்டும் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். அந்த ஆண்டுக்கு நென்தோ என்று பெயர். தென் கொரியாவின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. இரு நாட்டுப் புள்ளிவிவரங்களை ஒரே அட்டவணையில் வைக்கும்போது இந்த மூன்று மாத வேறுபாட்டை அடிக்குறிப்பில் சொல்லிவிடுங்கள். 2011 மார்ச் 11 நிலநடுக்கம் நென்தோ கணக்கில் 2010ஐச் சேர்ந்தது. அந்த மார்ச்சில் வட கிழக்கு ஜப்பானில் பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகளும் 2010 நென்தோ மாணவர்களே.