மொட்டை மாடிச் சூடு: காசும் போய், வீடும் குளிராமல் போவது எப்படி?

தண்டையார்பேட்டையில் நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி. தலைக்கு மேல் மொட்டை மாடிதான். மே மாதம் ராத்திரி 10 மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்கைத் தொட்டுப் பார்த்தால் இட்லிப் பானை மூடி மாதிரி இருக்கும். வெளியே கடல் காற்று வந்து பல மணி நேரம் ஆகியிருக்கும், உள்ளே மட்டும் அடுப்படி. ஃபேனைக் கூட்டினால் அது அந்தச் சூட்டையே நம் மேல் இறக்கும்.

இதன் சூட்சுமம் தெரியாமல்தான் முக்கால்வாசிப் பேர் காசை விடுகிறோம். கான்கிரீட் வெயிலை உடனே உள்ளே விடுவதில்லை. பகலெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, சாயங்காலத்துக்கு மேல் சாவகாசமாகத் திருப்பித் தருகிறது. ஆகவே சூட்டைத் தளத்துக்கு மேலேயே நிறுத்த வேண்டும். ஒருமுறை உள்ளே இறங்கிவிட்டால் அப்புறம் செய்வதெல்லாம் பாதி வைத்தியம்.

நான் செய்தது அந்தப் பாதி வைத்தியம்தான். குடிவந்த முதல் வருஷமே படுக்கையறையில் தெர்மாகோல் ஒட்டி, கீழே ஃபால்ஸ் சீலிங் போட்டேன். பகலில் கொஞ்சம் தேவலை என்று தோன்றியது. ராத்திரி பெரிய வித்தியாசமில்லை, எலிதான் குடிவந்தது. அந்த ஐப்பசி மழையில் ஓரமாக டீ கறை மாதிரி ஒரு வட்டம். பிரித்துப் பார்த்தால் தளம் பல நாளாக ஒழுகி, சிமென்ட் பொரிந்து, கம்பி துருவோடு வெளியே தெரிகிறது. மறைத்து வைத்ததால் எங்களுக்குத் தெரியவே இல்லை. கடலோர உப்புக் காற்றில் கம்பி ஒருமுறை துருவேற ஆரம்பித்தால் நிற்காது. துரு பருத்துப் பருத்து சிமென்ட்டைத் தள்ளிவிடும். தெர்மாகோல் தீப்பிடிக்கும் சாமான் என்பதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்படியென்றால் முதல் வேலை ஒழுகலை அடைப்பது. பழைய தட்டை ஓடு பதித்த மாடியாக இருந்தால் ஒரு நாணயத்தை எடுத்து ஓடு ஓடாகத் தட்டிக்கொண்டே போங்கள். ‘டங்’ என்றால் சரி. ‘டொப்’ என்று வந்தால் கீழே பிடிப்பு விட்டிருக்கிறது. எங்கள் மேஸ்திரி காதை வைத்தே சொல்வார்: “இது சத்தம் சரியில்ல சார், உள்ளார காத்து நிக்குது.” அடுத்து வாட்டம், அதாவது தண்ணீர் வடியும் சரிவு. ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றினால் அது மழைநீர்க் குழாயைத் தேடி ஓட வேண்டும், நடுவில் குட்டை கட்டக் கூடாது. இரண்டையும் சரி செய்யாமல் மேலே எதைப் பூசினாலும் ஈரத்தை உள்ளே வைத்துத் தைத்த மாதிரிதான்.

பெரிய ஆபத்து இன்னொன்று: கான்கிரீட் மேல் போட்ட பழைய சுண்ணாம்புத் தளத்தைப் பெயர்க்கக் கூலி அதிகம் என்று அதன் மேலேயே இன்னொரு தளம் போடுவது. 3 அங்குல செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 140 கிலோ. ஆள் நடமாடும் மாடிக்கு இந்தியத் தர விதி ஆள், சாமானுக்கென்று ஒதுக்கும் மேல்பாரமே சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். பத்துக்குப் பத்து அறைக்குக் கணக்குப் போட்டால் கூடுதலாக 1.3 டன், ஒரு காரைத் தூக்கி மாடியில் நிரந்தரமாக நிறுத்தியது போல. நாற்பது வருஷக் கட்டடத்துக்கு இது வேண்டாத வேலை. பழசைப் பெயர்த்துவிட்டுத்தான் புதுசு.

புதுசு போடும்போது சுண்ணாம்புக்குப் பதில் சிமென்ட் கலந்து ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். பொதுப்பணித் துறைக் கணக்கில் ஜல்லி 32 பங்குக்குச் சுண்ணாம்பு 12½ பங்கு, மணல் கிடையாது. கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளித்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். ஜார்ஜ் டவுனில் தேக்கு உத்தரத்தின் மேல் செங்கலைச் சாய்வாக அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் வீடுகளின் மாடியிலும் இந்தச் சுண்ணாம்புதான். சிமென்ட் சூட்டை அதிகம் கடத்தும், வெயிலில் வெடிக்கும். அடிக்கிற ஆள் இன்று கிடைப்பது கஷ்டம் என்பது உண்மைதான். கிடைக்காவிட்டால் நீர்த்தடுப்புப் பூச்சு, அதன் மேல் 50 மில்லிமீட்டர் எக்ஸ்.பி.எஸ். போர்டு (தண்ணீர் எளிதில் ஏறாத இறுக்கமான நுரைப் பலகை), அதைக் காக்க மேலே ஓடு. அந்த இரண்டு அங்குல போர்டு சூட்டைத் தடுப்பதில் இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட கான்கிரீட்டுக்குச் சமம், எடையோ ஒன்றுமில்லை. அதே இடத்தில் மலிவான தெர்மாகோலை வைத்தால் தண்ணீர் குடிக்கும். நனைந்தது சூட்டைத் தடுக்காது.

மாடியில் அடிக்கும் வெள்ளை பெயின்ட் வெயிலைத் திருப்பி அனுப்பும் நல்ல சாமான், ஆனால் வட சென்னையில் அதற்கு ஒரு எதிரி இருக்கிறது. உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2011-ல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது, ராயபுரத்துக் கொடிக்கயிற்றுத் துணிகளுக்கு விடிவு வந்தது. எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் கரியும் சாம்பலும் போகவில்லை. கன்டெய்னர் லாரிப் புகை நமக்கெல்லாம் பொது. அடித்த ஆறு மாதம் கழித்து மாடியில் விரலைத் தேய்த்துப் பாருங்கள், மை தொட்ட மாதிரி வரும். வெள்ளை கறுத்தால் வெயிலைத் திருப்பி அனுப்பாது. “வெள்ளை அடிச்சும் கொதிக்குதே இன்னாண்ணே” என்று கடைக்காரரிடம் சண்டை போடுவதில் பயனில்லை, கழுவ வேண்டும். பாசி, தூசு மேலேயே அடிப்பதும் தவறு. மழைக்குள் செதில் செதிலாக உரிந்து மழைநீர்க் குழாயை அடைக்கும்.

காசிமேடு, வியாசர்பாடிப் பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை உள்ளவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பெயின்ட் அடிப்பதற்கு முன் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், துளை போடாதீர்கள். உதிரும் நார்த்தூசு நுரையீரலில் போய்த் தங்கும், பிறகு எடுக்க வழியில்லை. நனைத்து, மெதுவாகத் துடைத்து, ஷீட் மேல் கால் வைக்காமல் அடியுங்கள். ஷீட்டே விரிசல் விட்டிருந்தால் பெயின்ட் செலவு வேண்டாம், மாற்றும் வழியைப் பாருங்கள்.

கீழே கார் பார்க்கிங் உள்ள ஃபிளாட்காரர்கள் சிலர் தரைக்கடியிலும் இன்சுலேஷன் வேண்டுமா என்று கேட்கிறார்கள். பனி விழும் நாடுகளில் சூடேற்றாத கேரேஜுக்கு மேலுள்ள அறையில் கால் விறைக்கும், அங்கே அது அவசியம். நமக்கோ கீழே நிழல். அந்தக் காசு மாடிக்கும் மேற்குச் சுவருக்கும் போகட்டும்.

மாசி மாதமே பெயின்ட் வேலையை முடித்துவிடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் உச்சிவேளையில் அடித்தால் பூச்சு பிடிப்பதற்குள் காய்ந்துவிடும். விடியற்காலை 6 மணிக்கு ஆரம்பித்து 9 மணிக்குள் ஒரு கை, மறுநாள் அதே நேரம் இன்னொரு கை. ஆள் அவ்வளவு சீக்கிரம் வருவாரா என்பதைத்தான் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.