பல் நிறத்தில் அடைத்த பல்லை நாமே கெடுத்துக்கொள்ளும் விதங்கள்

சொத்தையை அடைத்தாயிற்று, இனி அந்தப் பல்லுக்கு ஒன்றும் வராது என்று நினைப்பதுதான் முதல் தவறு. பல் நிறத்தில் வைக்கும் காம்போசிட் ரெசின் என்ற பிசின் கலவை, கடைவாய்ப் பல்லில்கூட ஒழுங்காக வைத்தால் பத்து வருடம் தாண்டியும் நிற்கும். பெரும்பாலும் அது தேய்ந்து போவதில்லை. ஒன்று உடைகிறது, இல்லையென்றால் அடைப்பும் பல்லும் சேரும் ஓரத்தில் மறுபடி சொத்தை பிடிக்கிறது.

அந்த ஓரத்தின் கதை அடைக்கும்போதே தொடங்கிவிடுகிறது. நீல லைட் பட்டு இறுகும்போது ரெசின் சுமார் 2 முதல் 3 சதவீதம் சுருங்கும், ஓரத்தில் இடைவெளி விழலாம். அதனால்தான் 2 மி.மீ. அடுக்கு அடுக்காக வைத்து ஒவ்வொன்றுக்கும் லைட் காட்டுகிறார்கள். நடுவில் எச்சில் பட்டால் ஒட்டாது. "காட்பாடியில ரயில் பிடிக்கணும், சீக்கிரம் முடிங்க டாக்டர்" என்று தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள். எச்சில் படாமலிருக்க ரப்பர் ஷீட் மாட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மரத்த வாயோடு கடித்துப் பார்த்து "சரியா இருக்கு" என்று வந்துவிடுகிறோம். மரப்பு விட்டதும் அந்தப் பல் மட்டும் முதலில் இடிக்கிறதா? பழகிவிடும் என்று விடாதீர்கள், மறுநாளே போய்த் தேய்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். ஆம்பூர் பிரியாணி சாப்பிடும்போதெல்லாம் அதே இடுக்கில் கறி நார் சிக்கினாலும் அப்படித்தான். குச்சியால் குத்திக்கொண்டே காலம் தள்ளினால் அங்கேதான் அடுத்த சொத்தை. நல்லி எலும்பை அந்தப் பக்கம் கடிக்கவே வேண்டாம்.

இனிப்பில் அளவைவிட எத்தனை முறை என்பதுதான் முக்கியம். சாப்பாட்டோடு ஒரு ஆற்காடு மக்கன் பேடா பெரிய கேடில்லை. மணிக்கொரு தடவை சர்க்கரை டீ குடிப்பதுதான் கேடு. இரவில் ஃபுளூரைடு பேஸ்ட்டால் துலக்காமல் படுக்காதீர்கள்.

டீ, வெற்றிலைக் கறை ஓரத்தில் தெரிந்தால் உடனே முழுசாகப் பிடுங்கி மாற்றச் சொல்வதும் தவறு. கறை எல்லாம் சொத்தை அல்ல. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் நல்ல பல்லும் கொஞ்சம் போய்க் குழி பெரிதாகும். பாலிஷ் போட்டோ, கெட்ட இடத்தை மட்டும் ஒட்டியோ சரியாகுமா என்று கேளுங்கள். அப்புறம், பல்லை வெளுக்கவைத்தால் அடைப்பு வெளுக்காது.

வலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் வேண்டாம். அடைப்புக்கு அடியில் சொத்தை வலிக்காமலே வளரும். வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்த பல்லில் நரம்பே இல்லை, சொத்தை எவ்வளவு ஆழம் போனாலும் அது எச்சரிக்காது. டாக்டர் சொல்லும்போது எக்ஸ்ரே எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.