நாய், பூனைத் தீவன மூட்டை: கடையில் வாங்குவது முதல் புகார் கொடுப்பது வரை

தீவனத்தில் ஏதோ கோளாறு என்று சந்தேகம் வந்ததும் எல்லோரும் முதலில் செய்வது வேறு பிராண்டுக்கு மாறுவதுதான். அதில் பெரிய பலன் கிடையாது. 2007 மார்ச்சில் அமெரிக்காவில் வீட்டு நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டுச் சாகத் தொடங்கின. மெனு ஃபுட்ஸ் என்ற கனடா நிறுவனம் சுமார் 6 கோடி டப்பா, பாக்கெட்டுகளைத் திரும்பப் பெற்றது. மலிவு விலைச் சரக்கு, உயர்ந்த விலைச் சரக்கு என்று பல பத்துப் பெயர்களில் கடைகளில் அடுக்கியிருந்தவை அவை. செய்த கை ஒன்றுதான். உள்ளே போன கோதுமைப் புரதம் சீனாவிலிருந்து வந்தது. அதில் மெலமின் என்ற ரசாயனம் கலந்திருந்தது. புரதச் சோதனையில் வழக்கமாக அளப்பது நைட்ரஜனைத்தான். அதை வைத்துப் புரதத்தைக் கணக்குப் போடுவார்கள். மெலமினில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன் என்பதால், அதைக் கலந்தால் காகிதத்தில் புரதம் கூடிவிடும். பிராணியின் சிறுநீரகத்தில் போய் அது படிகமாகக் கட்டிக்கொள்ளும்.

பெயரை மாற்றுவதைவிட, பிராணி தின்றது எந்த ஆலையில் எந்த நாளில் செய்த சரக்கு என்பதைக் கையில் வைத்திருப்பது முக்கியம். எங்கள் வீடு ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில், மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடையில் இருக்கிறது. ஒரு நாட்டு நாய், இரண்டு பூனைகள். ஒரு மழைக்காலத்தில் நாய் விடாமல் வாந்தி எடுத்தபோது கால்நடை மருத்துவர் என்னிடம் கேட்டது, "எந்தக் கம்பெனி, எந்த பேட்ச்?" என்று. என்னிடம் இருந்தது கறுப்பு கேரி பேக்கில் கிலோ கணக்கில் வாங்கிய சில்லறைத் தீவனம். மூட்டையை எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டதாகக் கடையில் சொன்னார்கள். நாய் பிழைத்துவிட்டது. காரணம் தீவனமா வேறு ஏதாவதா என்று கடைசிவரை தெரியவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் பின்பற்றுகிற முறைதான் இது.

1. பிரிக்காத பாக்கெட்டாக வாங்குங்கள்

நம் பக்கத்துக் கடைகளில் தவிட்டு மூட்டை, புண்ணாக்கு மூட்டைக்குப் பக்கத்திலேயே 20 கிலோ நாய்த் தீவனத்தையும் வாய் திறந்து வைத்திருப்பார்கள். "தம்பி, ரெண்டு கிலோ போடட்டுமா?" என்று கேட்பார்கள். கிலோவுக்குக் கொஞ்சம் மலிவு, உண்மைதான். ஆனால் உப்புக் காற்று நாள் முழுக்க அதன் மேல் படுகிறது. பழைய மூட்டையின் மிச்சத்தின் மேல் புதியதைக் கொட்டுகிறார்கள். எந்த பேட்ச் என்ற பேச்சுக்கே இடமில்லை.

சின்ன பாக்கெட்டே வாங்குங்கள். கோடையில் ஒரு மாதத்தில் தீர்கிற அளவு, ஐப்பசி முதல் மார்கழி வரை இரண்டு வாரத்தில் தீர்கிற அளவு. உலர் தீவனத்தை 27 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்வார்கள். மே மாதத்தில் நம் ஊர் வீட்டுக்குள் அது நடக்காத காரியம். ஆகவே நாளைக் குறைப்பதுதான் வழி. தையல் ஓரத்தில் எண்ணெய்க் கறை, ஊசித் துளை, எலி கொறித்த தடம் இருந்தால் வேண்டாம். ரசீதை மறக்காமல் கேட்டு வாங்குங்கள், பிறகு தேவைப்படும்.

2. பேட்ச் நம்பரைப் பிடியுங்கள்

என்னை ரொம்பச் சுற்றவைத்த இடம் இது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

பெயர், விலை, படம் எல்லாம் பளிச்சென்று அச்சாகியிருக்கும். பேட்ச் நம்பரும் தேதியும் மட்டும் பின்னால் புள்ளிப் புள்ளியாக மை தெளித்த எழுத்தில் இருக்கும். பல பாக்கெட்டுகளில் அது மேல் தையலை ஒட்டியே வரும். அதாவது கத்தரிக்கோல் போடுகிற அதே இடம். மேல் பட்டையை வெட்டிக் குப்பையில் போட்டால் நம்பரும் போய்விட்டது. தப்பினாலும் மீன் எண்ணெய் பட்ட விரலால் பத்து முறை பிடித்தால் மை அழிந்துவிடும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் 3, 8 வித்தியாசமே தெரியும்.

எனவே வெட்டும் முன்பே நான்கு படம் எடுங்கள்: முன்பக்கம், பேட்ச் நம்பர், தேதி, தயாரிப்பாளர் முகவரி. பொட்டலப் பொருட்களின் மேல் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயரும் முகவரியும், மாதமும் ஆண்டும், நுகர்வோர் தொடர்பு எண்ணும் இருக்க வேண்டும் என்பது எடையளவுச் சட்ட விதி. இதில் தயாரித்தவர் ஒருவர், விற்பவர் ஒருவர் என்று இரண்டு பெயர் இருந்தால் தயாரித்தவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். மெனு ஃபுட்ஸ் விஷயத்தில் மாட்டிக்கொண்டவர்கள் பலருக்கு அந்தப் பெயரே அதுவரை தெரியாது.

இறக்குமதிச் சரக்கில் தேதி வேறு குழப்பும். அமெரிக்கப் பாக்கெட்டில் 7/9 என்றால் ஜூலை 9. நம் வழக்கப்படி செப்டம்பர் 7 என்று படித்துவிடுவோம்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று தோன்றலாம். 2020 டிசம்பர் கடைசியில் அமெரிக்காவில் ஸ்போர்ட்மிக்ஸ் என்ற நாய்த் தீவனத்தில் அஃப்ளாடாக்சின் என்ற பூசண நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். 70க்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாக அடுத்த சில வாரங்களில் கணக்கு வந்தது. சிக்கல் ஒக்லஹோமா ஆலையில். பேட்ச் நம்பரில் 05 என்று இருந்தால் அந்த ஆலைச் சரக்கு, உடனே நிறுத்து என்று அறிவித்தார்கள். மூட்டையை வைத்திருந்தவர்களுக்கு ஒரே பார்வையில் விடை தெரிந்துவிட்டது. தீவனத்தை டப்பாவில் கொட்டிவிட்டு மூட்டையைக் குப்பையில் போட்டவர்களுக்கு அந்த வழி இல்லை.

3. பிரித்ததும் பார்க்க வேண்டியவை

ஒரு கைப்பிடி எடுத்து வெள்ளைத் தாளில் கொட்டுங்கள், வாசல் வெளிச்சத்தில். ஒன்றோடு ஒன்று ஒட்டிய கட்டி, சாம்பல் அல்லது பச்சை நிறத்தில் பூசணப் புள்ளி, நூலாம்படை மாதிரி இழை, வண்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு துண்டை விரலால் ஒடியுங்கள். நல்ல தீவனம் சட்டென்று உடையும். நமுத்தது வளைந்து பிசுபிசுக்கும். பிறகு மோந்து பாருங்கள். பழைய எண்ணெயின் சிக்கு வாடை வந்தால் கொழுப்பு கெட்டுவிட்டது என்று பொருள்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அஃப்ளாடாக்சின் கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் பிடிக்கிற ஒரு பூசணம் விட்டுப்போகிற நஞ்சு அது. ஆலையில் மாவை வேகவைக்கிற சூட்டில் பூசணம் செத்துவிடும், நஞ்சு முழுதாக அழியாது. அமெரிக்காவில் நாய்த் தீவனத்துக்கு அனுமதித்த உச்ச அளவே கிலோவுக்கு 20 மைக்ரோகிராம்தான். அதனால் வாடை நன்றாக இருக்கிறது, ஆகவே நல்ல சரக்கு என்று முடிவு கட்டாதீர்கள். வாடை கெட்டிருந்தால் மட்டும் முடிவு கட்டலாம்.

4. கொட்டாமல், பாக்கெட்டோடு வையுங்கள்

பாக்கெட்டின் வாயை மூன்று மடிப்பு மடித்துத் துணி கிளிப் போட்டு, அப்படியே மூடி இறுக்கமான எவர்சில்வர் டிரம்முக்குள் இறக்குங்கள். தகர டின் உப்புக் காற்றில் துருப்பிடித்துவிடும். பிளாஸ்டிக் டப்பாவை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பழைய கொழுப்பு அதன் சுவரில் ஊறி, புதுத் தீவனத்துக்கும் சிக்கு வாடை ஏற்றுகிறது. எத்தனை முறை கழுவினாலும் போவதில்லை. டிரம்மைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். ஷீட் போட்ட கொட்டகை ஆகாது.

பிரித்த தேதியைப் பாக்கெட்டின் மேல் மார்க்கரால் எழுதுங்கள். அள்ளும் கரண்டி எப்போதும் காய்ந்திருக்க வேண்டும். பூனை நக்கிய கிண்ணத்தையே விட்டு அள்ளினால் ஈரம் உள்ளே போய்விடும். உலர் தீவனத்தை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். வெளியே எடுக்கும்போதெல்லாம் அதில் வியர்க்கும். கிரேவி பாக்கெட்டும் டப்பாவும் பிரித்த பிறகு ஃபிரிட்ஜில்தான், இரண்டு மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

5. மாதிரி எடுத்து வையுங்கள்

புது பாக்கெட் பிரித்த அன்றே, மேல், நடு, அடி என்று பல இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஜிப் கவரில் போட்டு, பேட்ச் நம்பர் எழுதி, காற்றை வெளியேற்றி ஃப்ரீசரில் வையுங்கள். பூசண நஞ்சு மூட்டை முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது, ஒரு மூலையில் குவிந்திருக்கலாம். ஒரே இடத்தில் அள்ளிய மாதிரி ஏமாற்றிவிடும். பாக்கெட் தீர்ந்து ஒரு மாதம் வரை பிராணி நன்றாக இருந்தால் மாதிரியைத் தூக்கிப் போடலாம்.

6. புது பாக்கெட்டுக்கு மெதுவாக மாறுங்கள்

பழையதில் கொஞ்சம் மிச்சம் வைத்து, ஒரு வாரத்துக்குக் கலந்து கொடுங்கள். வயிறு பழகிக்கொள்ளும். பழையதைப் பொறுக்கித் தின்று புதியதை ஒதுக்கினால் கவனியுங்கள், அதை அடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்போர்ட்மிக்ஸ் விவகாரத்திலும் சாப்பாட்டை மறுப்பது ஆரம்ப அறிகுறிகளில் ஒன்றாகச் சொல்லப்பட்டது.

7. உடம்பு சரியில்லாமல் போனால்

தீவனத்தை உடனே நிறுத்துங்கள், ஆனால் குப்பையில் போடாதீர்கள். ஈறும் கண்ணின் வெள்ளையும் மஞ்சளாகிறதா, சிறுநீர் கறுக்கிறதா என்று பாருங்கள், அது ஈரல் கோளாறாக இருக்கலாம். தண்ணீரை விடாமல் குடித்து அடிக்கடி சிறுநீர் கழித்தால் சிறுநீரகமாக இருக்கலாம். இரண்டுமே வீட்டு வைத்தியத்துக்கு அடங்காதவை. கருப்பட்டித் தண்ணீர், மோர் என்று நேரம் கடத்தாமல் மருத்துவமனைக்குப் போங்கள். ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று நீங்களே கேளுங்கள். பூனை இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாலே ஈரலில் கொழுப்பு படிய ஆரம்பிக்கும். பூனைக்குக் காத்திருப்பு கூடாது.

மருத்துவரிடம் படங்களைக் காட்டுங்கள், சீட்டில் தீவனத்தின் பெயரையும் பேட்ச் நம்பரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தச் சீட்டுதான் அடுத்த படிக்கு ஆதாரம்.

8. சோதனையும் புகாரும்

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. கோழிப் பண்ணைகள் அங்கேதான் மக்காச்சோளத்தைச் சோதிக்க அனுப்புகின்றன. அஃப்ளாடாக்சின் சோதனை அவர்களுக்கு அன்றாட வேலை. எவ்வளவு மாதிரி வேண்டும், கட்டணம் என்ன என்று முதலில் போன் செய்து கேளுங்கள். ஃப்ரீசர் மாதிரியில் பாதியை மட்டும் அனுப்பி, பாதியை வீட்டில் வையுங்கள்.

புகாருக்கு உணவுப் பாதுகாப்பு அதிகாரியைத் தேடிப் பலர் அலைகிறார்கள். 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டம் மனித உணவுக்கானது. கால்நடைத் தீவனத்தை அது உணவாகக் கணக்கில் எடுப்பதில்லை. பாக்கெட்டில் உள்ள நுகர்வோர் எண்ணுக்கு எழுத்தில், படங்களோடு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், வக்கீல் கட்டாயம் இல்லை, பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. ரசீது இல்லாமல் இதெல்லாம் கஷ்டம்.

பிறகு சேர்த்தது: "பேசாம மீனை அவிச்சுப் போடலாமே?"

பாம்பன், தங்கச்சிமடம் பக்கமிருந்து வந்த கேள்விகளில் பாதி இதுதான். கடல் வாசலில் இருக்கும்போது பாக்கெட் எதற்கு என்கிறார்கள். மீன் நல்லதுதான், நானும் போடுகிறேன். மூன்று விஷயம் மட்டும் பாருங்கள்.

பச்சையாகப் போடாதீர்கள். சூடை, நெத்திலி மாதிரி மீன்களில் பி1 வைட்டமினைச் சிதைக்கிற ஒரு நொதி இருக்கிறது. தொடர்ந்து பச்சையாகத் தின்கிற பூனைக்குத் தலை தொங்கும், நடை தடுமாறும். அவித்தால் நொதி செயலிழந்துவிடும். அவித்த தண்ணீரைக் கொட்டாமல் சோற்றோடு பிசைந்து கொடுங்கள், பூனைக்குக் கட்டாயம் தேவையான டாரின் என்ற சத்து அந்தத் தண்ணீரில்தான் இறங்கியிருக்கும்.

ஏலம் முடிந்து கரையில் கழித்துப் போட்ட மீனை அள்ளி வராதீர்கள். அதில் பேத்தை என்ற நச்சு மீன் கிடக்கும். அதன் ஈரலிலும் முட்டையிலும் உள்ள நஞ்சு அவித்தாலும் போகாது. வெயிலில் கிடந்த சூரை மீனும் வேண்டாம். கெடும்போது அதில் சேர்கிற ஹிஸ்டமின் என்ற நஞ்சுக்கும் கொதிக்கிற தண்ணீர் ஒரு பொருட்டில்லை.

கருவாடு போடவே கூடாது, உப்பு. மீன் மட்டுமே என்று மாதக்கணக்கில் போவதும் சரியில்லை. கொழுப்பு மீன் அதிகமாகி வைட்டமின் ஈ குறைந்தால் பூனையின் உடல் கொழுப்பு அழற்சி கண்டு, தொட்டாலே கத்தும். வாரத்தில் இரண்டு நாள் மீன், மற்ற நாள் பாக்கெட் என்பது எங்கள் வீட்டு ஏற்பாடு.

இன்னொன்று சேர்த்தது

தொண்டியிலிருந்து ஒருவர், தெரு நாய்களுக்குப் போட 20 கிலோ மூட்டைதான் கட்டுப்படியாகிறது, அதை என்ன செய்வது என்று கேட்டிருந்தார். மூட்டையை வாங்கிய அன்றே, காய்ந்த கையால், நான்கைந்து தடித்த கவர்களில் பிரித்துக் கட்டிவிடுங்கள். ஒவ்வொரு கவரிலும் பேட்ச் நம்பரையும் தேதியையும் எழுதுங்கள். ஒரு கவர் தீர்ந்த பிறகே அடுத்ததைப் பிரியுங்கள். வெறும் மூட்டையை மடித்து, கடைசிக் கவர் தீரும்வரை எடுத்து வைத்திருங்கள். மழைக்காலத்தில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு மூட்டை வாங்கிப் பங்கு போட்டுக்கொள்வது இன்னும் நல்லது; ஆனால் பேட்ச் நம்பர் படம் எல்லோருடைய போனிலும் இருக்கட்டும்.