நெருக்கடிக் காலத்தில் காலணித் தொழில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொருளியல் மந்தமடைந்தால் மக்கள் புதிய காலணி வாங்குவதைத் தள்ளிப்போடுவார்கள், இருப்பதையே பழுதுபார்த்து அணிவார்கள், ஆகவே கெட்ட காலத்திலும் செருப்புத் தைப்பவருக்கு வேலை இருக்கும் என்று பலரும் சொல்வதுண்டு. இதில் பாதிதான் உண்மை. 1930களின் பெருமந்தத்தின்போது அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பழுதுபார்ப்புக் கடைகள் இயங்கின. ஆனால் அன்றைய காலணி பெரும்பாலும் தோலாலும் நூலாலும் ஆனது. தையலைப் பிரித்து, தேய்ந்த அடித்தோலை நீக்கி, புதியதை வைத்துத் தைத்தால் இன்னும் சில ஆண்டுகள் உழைத்தது. இன்று சிங்கப்பூரில் ஒரு கடைக்கு வரும் காலணிகளில் பெரும்பகுதி, நுரைப்பொருளை அச்சில் வார்த்துப் பசையால் ஒட்டியவை. அவற்றுள் பழுதுபார்க்கத் தக்கது எது, தகாதது எது என்று பிரித்தறிவதே இத்தொழிலில் முதன்மையான திறமை. வருமானம் குறையும்போது அந்தத் திறமையைத்தான் நாம் முதலில் கைவிட்டு, வந்ததை எல்லாம் ஏற்றுக்கொள்கிறோம். நெருக்கடியில் நிகழும் தவறுகளில் பலவும் அங்கிருந்தே தொடங்குகின்றன.

மிகப் பரவலான தவறு, உள்ளே மக்கிப்போன அடிப்பாகத்தை அறியாமல் அதன்மேலேயே பசை தடவி ஒட்டித் தருவது. விளையாட்டுக் காலணி, மலையேற்றக் காலணி, மெத்தென்ற அலுவலகக் காலணி ஆகியவற்றின் நடு அடுக்கு பல வேளைகளில் பாலியூரித்தேன் என்னும் நுரைப்பொருளால் ஆனது. காற்றில் உள்ள ஈரம் அதன் வேதிப் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கிறது. ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் சிங்கப்பூரில் இந்தச் சிதைவு விரைவாகவே நடக்கிறது. அணியாமல் வைத்திருந்தால் காலணி புதிதாகவே இருக்கும் என்று நம்பி, பெட்டியோடு வீட்டுப் பாதுகாப்பறையிலோ சாமான் அறையிலோ ஆண்டுக்கணக்கில் பூட்டி வைத்துவிட்டு, ஒரு திருமணத்துக்கோ வேலை நேர்காணலுக்கோ எடுத்து அணிபவர்களின் காலணிதான் நடைபாதையில் அடி கழன்று விழுகிறது. அடிக்கடி அணியப்படும் காலணிக்குக் காற்றோட்டம் கிடைக்கிறது. மூடிய பெட்டிக்குள் ஈரம் வெளியேற வழியில்லை.

கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. நடு அடுக்கின் பக்கவாட்டில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தால் நல்ல நுரை அமுங்கி மீளும்; மக்கிய நுரை பொடியாக உதிரும், அல்லது நகத்தில் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொள்ளும். காலணியை வளைத்துப் பார்த்தால் மடியும் இடத்தில் மெல்லிய விரிசல்கள் தெரியும். இந்த நிலையில் உள்ள அடிப்பாகத்தை எவ்வளவு நல்ல பசையால் ஒட்டினாலும் பயனில்லை. பசை பிடித்துக்கொள்ளும், ஆனால் அது பிடித்திருக்கும் நுரையே அடுத்த சில வாரங்களில் கிழிந்து வந்துவிடும். வாடிக்கையாளர் அதைப் பசையின் குறை என்றும் கடைக்காரரின் குறை என்றும்தான் எடுத்துக்கொள்வார். ஒரு காலணியின் அடி கழன்றிருந்தால், அதே நாளில் அதே வார்ப்பில் உருவான மற்றதும் விரைவில் கழலும் என்பதால், இரண்டையும் சோதிக்காமல் ஒன்றுக்கு மட்டும் விலை சொல்வதும் தவறு. முழு அடிப்பாகத்தையும் மாற்றலாம், அல்லது வேலையை மறுக்கலாம். இவ்விரண்டைத் தவிர நேர்மையான வழி வேறில்லை. செயற்கைத் தோலின் மேற்பூச்சு உரிவதும் பெரும்பாலும் இதே சிதைவுதான். அதன்மேல் சாயம் பூசிக் காசு வாங்குவதை எந்த நெருக்கடியும் நியாயப்படுத்தாது.

அடுத்தது பசை. செலவைக் குறைக்க எண்ணும்போது பலரும் முதலில் கைவைப்பது பசையில்தான். ஒரே டின்னை வைத்து எல்லாக் காலணிகளையும் ஒட்டிவிடப் பார்க்கிறார்கள். தோலுக்கும் சாதாரண ரப்பருக்கும் நன்றாகப் பிடிக்கும் நியோப்ரீன் பசை, பிவிசி என்னும் நெகிழியால் ஆன அடிப்பாகத்தில் நாளடைவில் இளகிவிடும். பிவிசியை மென்மையாக்கச் சேர்த்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள் மெல்லக் கசிந்து பசைக்குள் இறங்குவதே காரணம். அதற்குப் பாலியூரித்தேன் பசை வேண்டும். எடை குறைந்த ஈவிஏ நுரைக்குப் பசைக்கு முன் அதற்குரிய முன்பூச்சு வேண்டும். மேற்பரப்பைச் சொரசொரப்பாக்காமல், பழைய பசையைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே பூசுவது எந்தப் பொருளிலும் நிலைக்காது.

நம் ஊர்க் காற்று இங்கும் குறுக்கிடுகிறது. பசையில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது அந்தப் பரப்பு குளிர்கிறது. மழை நாளில் ஐந்தடி நடைபாதையில் அமர்ந்து வேலை செய்தால், குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படிந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு நீர்ப்படலம் உருவாகும், சில வேளைகளில் வெண்மையாக மங்கியும் தெரியும். அதன்மேல் அழுத்தி ஒட்டினால் ஒட்டு பலவீனமாகவே இருக்கும். நியோப்ரீன் பசையை இரு பரப்புகளிலும் பூசி, பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்து, விரலின் பின்புறத்தால் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்த பிறகே சேர்த்து அழுத்த வேண்டும். ஈரம் மிகுந்த நாளில் லேசாகச் சூடு காட்டி அந்தப் படலத்தைப் போக்கிய பிறகு சேர்ப்பது நல்லது. ஒட்டு முழு வலுப்பெற ஒரு நாள் ஆகலாம். வாடிக்கையாளர் நின்றுகொண்டே கேட்கிறார் என்பதற்காக அரை மணி நேரத்தில் கையில் கொடுப்பது, மறுபடியும் அதே வேலையை இலவசமாகச் செய்து தர ஒப்புக்கொள்வதற்குச் சமம்.

பசை தொடர்பாக வாடிக்கையாளர் செய்யும் தவறும் ஒன்று உண்டு. பத்து வெள்ளியை மிச்சப்படுத்த எண்ணி வீட்டிலேயே சூப்பர் குளூவை ஊற்றி ஒட்டுகிறார்கள். அது காய்ந்தால் கண்ணாடியைப்போல் இறுகிவிடும். நடக்கும்போது வளையும் இடத்தில் அது வளையாமல் உடைகிறது. அந்த இறுகிய படலத்தைத் தேய்த்து எடுக்கும்போது அடிப்பாகமும் சேர்ந்து தேய்கிறது, சில வேளைகளில் பழுதுபார்க்கவே முடியாமல் போகிறது. குதிகாலின் தேய்ந்த முனையை உரிய நேரத்தில் மாற்றாமல் உள்கட்டை வரை தேயவிடுவதும் இதைப் போன்றதே: சிறு தொகையில் முடிந்திருக்கும் வேலை, குதிகாலையே புதிதாக்கும் வேலையாக வளர்ந்துவிடுகிறது.

விலையைக் குறைத்தால் கூட்டம் வரும் என்ற எண்ணத்துக்கு வருவோம். இதற்கு ஆதரவாகச் சிலர் பாட்டா நிறுவனத்தின் கதையைச் சொல்வார்கள். முதல் உலகப் போருக்குப் பிந்தைய மந்தத்தில், 1922இல், டோமாஷ் பாட்டா செக்கோஸ்லோவாக்கியாவில் தம் காலணிகளின் விலையைப் பாதியாகக் குறைத்து வென்றார் என்பது வரலாறு. ஆனால் அதே வேளையில் அவருடைய தொழிலாளர்கள் 40 விழுக்காடு ஊதியக் குறைப்பை ஏற்றார்கள் என்பதையும், உணவும் உடையும் அவர்களுக்குப் பாதி விலையில் கிடைக்க நிறுவனம் ஏற்பாடு செய்தது என்பதையும், இயந்திரங்கள் நிறைந்த ஒரு பெரிய ஆலை அவரிடம் இருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தனியொருவர் நடத்தும் கடையில் விலையைக் குறைத்தால் குறைவது அவருடைய கூலி மட்டுமே.

ஓர் எடுத்துக்காட்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாத வாடகை 1,800 வெள்ளி, உரிமையாளர் தமக்கு எடுத்துக்கொள்ள வேண்டிய ஊதியம் 2,600 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் கடை திறந்திருந்தால் மொத்தம் 208 மணி. அதில் கையில் வேலை ஓடும் நேரம் பாதிதான், மீதி நேரம் காத்திருப்பதிலும் பேசுவதிலும் பொருள் வாங்கி வருவதிலும் போகிறது என்றால், உழைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் 42 வெள்ளிக்கு மேல் ஈட்ட வேண்டும். இருபது நிமிட வேலைக்குப் பொருட்செலவைச் சேர்க்காமலேயே 14 வெள்ளி ஆகிறது. பக்கத்துக் கடையில் 8 வெள்ளி என்பதற்காகத் தாமும் 8 வெள்ளிக்கு இறங்குபவர், தம் கணக்கைப் பார்க்காமல் அடுத்தவர் பலகையைப் பார்த்து விலை வைக்கிறார். 8 வெள்ளிக்குச் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு: அவசரமாகச் செய்த வேலை.

விலையேற்றத்தைப் பொருள் சேவை வரியின் பெயரில் செய்வது வேறொரு தவறு. அந்த வரி 2023இல் 8 விழுக்காடாகவும் 2024இல் 9 விழுக்காடாகவும் உயர்ந்ததால் பசை, ரப்பர், நூல் ஆகியவற்றுக்கு நாம் கொடுக்கும் தொகை கூடியது உண்மை. ஆனால் ஆண்டு விற்பனை 1 மில்லியன் வெள்ளியைத் தாண்டாத கடைகள் அவ்வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயமில்லை. பதிவு செய்யாத கடை ரசீதில் அந்த வரியைச் சேர்த்து வசூலிப்பது சட்டப்படி குற்றம். செலவு கூடிவிட்டது, விலையை உயர்த்துகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்கா வட்டாரத்துக்கு வரும் கட்டுமானத் தொழிலாளர்களையும் கப்பல் பட்டறைத் தொழிலாளர்களையும் நினைக்கும்போது, நான் மிகுந்த கவலையுடன் சொல்ல விரும்புவது பாதுகாப்புக் காலணியைப் பற்றி. ஊருக்கு அனுப்பும் பணத்தில் குறையக் கூடாது என்று பிய்ந்த காலணியைத் தைத்துக் கேட்கும் தம்பிக்கு உதவத்தான் மனம் சொல்லும். ஆனால் விரல்களைக் காக்கும் எஃகு மூடியும், ஆணி ஏறாமல் தடுக்கும் அடித்தகடும் சேர்ந்து சோதிக்கப்பட்டே அந்தக் காலணிக்கு எஸ்எஸ் 513 என்னும் சிங்கப்பூர்த் தரநிலை பொருந்துகிறது. அடிப்பாகத்தைப் பிரித்து நாம் ஒட்டிய பிறகு அந்தச் சோதனை அதற்குப் பொருந்தாது. அவருடைய காலை நம்பித்தான் ஒரு குடும்பமே இருக்கிறது. தகுந்த பாதுகாப்புச் சாதனங்களைத் தர வேண்டிய பொறுப்பு முதலாளியுடையது என்பதை எடுத்துச் சொல்லி, மேற்பார்வையாளரிடம் புதிய காலணி கேட்கும்படி அனுப்புவதே சரி. கயிற்றை மாற்றித் தரலாம், உள்ளே போடும் மெத்தையை மாற்றித் தரலாம். அடியையும் முன்மூடியையும் தொடக்கூடாது.

அளவெடுத்துப் புதிதாகக் காலணி செய்பவர்களின் தவறுகள் சற்று வேறு வகையானவை. ஆர்டர் குறைந்த காலத்தில் வந்தவரை இழந்துவிடக் கூடாது என்று முன்பணம் கேட்கத் தயங்குகிறார்கள். ஒருவருடைய காலுக்கென்று வெட்டிய தோல் இன்னொருவருக்கு உதவாது. ஆகவே தோலும் அடிப்பொருளும் வாங்க ஆகும் தொகையாவது முன்கூட்டியே கைக்கு வந்தாக வேண்டும். காலையில், உட்கார்ந்த நிலையில் ஒரு காலை மட்டும் அளந்துவிட்டு விடுவதும் கூடாது. நாள் போகப் போகக் கால் சற்று வீங்கும், நிற்கும்போது பாதம் நீண்டு அகலும், இரு கால்களும் பெரும்பாலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மாலையில் நிற்கவைத்து இரண்டையும் அளப்பதே முறை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆலைகளில் இருந்து தோல் வரவழைப்பவர்கள் மொத்தமாக எடுத்தால் மலிவு என்று ஆண்டுத் தேவைக்கு மேல் வாங்கி அடுக்குவதுண்டு. தாவரப்பட்டையால் பதனிட்ட தோல் இந்த ஈரத்தில் எளிதில் பூஞ்சை பிடிக்கும். மலிவாக வாங்கியதில் கிடைத்த இலாபம் அங்கேயே போய்விடும்.

ஒரே வகை வாடிக்கையாளரை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தை 2020 காட்டியது. கோவிட்-19 காரணமாக ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நீடித்த கிருமிப் பரவல் முறியடிப்புத் திட்டத்துக்குப் பிறகும் அலுவலகக் கூட்டம் உடனே திரும்பவில்லை; ராஃபிள்ஸ் பிளேஸ் வர்த்தக வட்டார ஊழியர்களின் தோல் காலணிகளை மட்டும் நம்பியிருந்தால் போதாது என்றாயிற்று. அதற்காகக் கடன் வாங்கிப் பெரிய இயந்திரத்தை இறக்குவதும் அவசரம்தான். பையின் வார், பயணப்பெட்டியின் சக்கரம், விளையாட்டுக் காலணியைத் துப்புரவு செய்தல் என்று கையில் உள்ள கருவிகளாலேயே செய்யக்கூடிய வேலைகளை முதலில் சேர்த்துக்கொள்ளலாம்.

வாடகையைச் சுருக்கக் காற்றோட்டமில்லாத சிறிய இடத்துக்கு மாறுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பசையின் கரைப்பான் ஆவி உடலுக்குக் கேடு. 1960களில் ஜப்பானில் செருப்புத் தயாரித்த தொழிலாளர்களிடையே பசையில் இருந்த ஹெக்சேன் கை கால் நரம்புகளைப் பாதித்து மரத்துப்போகச் செய்தது மருத்துவர்களால் பதிவு செய்யப்பட்டது. டின்னை மூடி வைப்பதற்கும் ஆவியை வெளியே தள்ளும் விசிறி ஒன்றைப் பொருத்துவதற்கும் ஆகும் செலவு சிறியது.

கடைசியாக, கணக்கு. ரொக்கமாக வாங்கிய காசை டப்பாவில் போட்டு, எழுதாமல், வருமானத்தை அறிவிக்காமல் விடுவது நல்ல காலத்தில் சேமிப்பாகத் தோன்றும். 2020இல் சுயதொழில் செய்வோருக்கு அரசாங்கம் மாதம் 1,000 வெள்ளி வீதம் ஒன்பது மாதங்களுக்கு வருமான நிவாரணம் வழங்கியபோது, தகுதியுள்ளோரில் வருமானத்தை முறையாகத் தாக்கல் செய்திருந்த பலருக்கு அது தானாகவே கிடைத்தது. மற்றவர்கள் ஆவணங்களைத் தேடி எடுத்து விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மருத்துவச் சேமிப்புக்கான மெடிசேவ் கணக்குக்குப் பணம் செலுத்துவதும் கட்டாயம். வாடிக்கையாளரிடம் கொடுக்கும் சீட்டின் மறுபாதியில் தேதி, வேலையின் விவரம், விலை, முன்பணம், எத்தனை நாளுக்குள் வந்து எடுக்க வேண்டும் என்பவற்றை எழுதி வைத்தால், வரிக் கணக்குக்கும் அது உதவும், மாதக்கணக்கில் யாரும் வந்து எடுக்காமல் அலமாரியில் கிடக்கும் காலணிகளைப் பற்றிய தகராறுக்கும் அதுவே சான்றாக நிற்கும்.